வீடு பார்க்கப் போகும் தம்பதியர்: வாடகையில்லாப் பயணமும் அதற்குள் இருக்கும் ஒரு கேள்வியும்

'எடின்பரோவில் மூன்று வாரம். இரண்டு பூனைகள், சிறிய தோட்டம். வாடகை இல்லை, சம்பளமும் இல்லை. தம்பதியர் விரும்பத்தக்கது.' இப்படியான அறிவித்தல்கள் இணையத்தில் நாளாந்தம் வருகின்றன. வீட்டுக்காரர் விடுமுறைக்குப் போகிறார். நாயையோ பூனையையோ காசு கட்டி விடுதியில் விட அவருக்கு மனமில்லை. முன்பின் தெரியாத ஒரு தம்பதியை வீட்டில் தங்கவிட்டு, பிராணிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். தங்குவோருக்கு விடுதிச் செலவு மிச்சம். வீட்டுக்காரருக்கு வீடும் பிராணியும் பத்திரம். ஓய்வு பெற்ற பல தம்பதியர் இப்படியே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாதக்கணக்கில் பயணம் செய்கிறார்கள்.

இது எமக்கு முற்றிலும் புதிய விடயமல்ல. புல்மோட்டை தொடங்கி குச்சவெளி, நிலாவெளி வரையிலான கரையோரத்தில் வருடத்தின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகள் உண்டு. சில வீடுகளின் பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். சில வீட்டுக்காரர்கள் கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்கிறார்கள். வளவைக் கூட்டவும், கிணற்றடியைப் பார்க்கவும், நாய்க்குச் சோறு வைக்கவும் யாரோ ஒருவர் வந்து போகிறார். வேறு சில வீடுகளில் ஒரு குடும்பமே குடியிருந்து பார்த்துக்கொள்கிறது. 'வீடு பார்க்கிறவை' என்று நாம் சொல்வது இவர்களைத்தான்.

எடின்பரோவில் பூனை பார்க்கும் தம்பதியிடமும், புல்மோட்டையில் வீடு பார்க்கும் குடும்பத்திடமும் ஒரே கேள்விதான் ஒருநாள் கேட்கப்படும்: 'இந்த வீட்டில் நீங்கள் எந்த உரிமையில் இருக்கிறீர்கள்?' முதலாமவரிடம் அதைக் கேட்பவர் விமான நிலையக் குடிவரவு அதிகாரி. இரண்டாமவரிடம் கேட்பது நீதிமன்றம். விடை முன்கூட்டியே தெளிவாக இருந்தால் பயணமும் நல்லது, உறவும் நல்லது. இல்லாவிட்டால் இரண்டுமே கெடும். இந்தக் கட்டுரை அந்த விடையைப் பற்றியது.

எப்படி நடக்கிறது?

வீட்டுக்காரரையும் தங்க வருபவரையும் இணைத்துவைக்கும் இணையத்தளங்கள் பல உள்ளன. அவுஸ்திரேலியாவில் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய ஹவுஸ்கெயரர்ஸ் பழையவற்றுள் ஒன்று. பிரித்தானியாவின் பிரைற்றன் நகரிலிருந்து 2010 இல் தொடங்கிய ட்ரஸ்டட் ஹவுஸ்சிற்றர்ஸ் இன்று பரவலாக அறியப்பட்டது. இவற்றில் உறுப்பினராக ஆண்டுக் கட்டணம் கட்டவேண்டும். அதன்பின் வீட்டுக்காரரும் தங்குபவரும் ஒருவருக்கொருவர் பணம் கொடுப்பதில்லை. மின்சாரம், தண்ணீர், இணைய இணைப்பு ஆகியவற்றின் செலவு பொதுவாக வீட்டுக்காரருடையது. விமானச் சீட்டு, விசா, சாப்பாடு, பயணக் காப்புறுதி எல்லாம் தங்குபவர் செலவு.

நீங்கள் உங்களைப் பற்றிய ஒரு அறிமுகத்தை எழுதிப் போடவேண்டும்: வயது, தொழில், பிராணி வளர்த்த அனுபவம், படங்கள். அடையாளச் சரிபார்ப்பு நடக்கும். சில வீட்டுக்காரர்கள் பொலிஸ் நற்சான்றும் எதிர்பார்ப்பார்கள். இலங்கையில் அதை இணையவழியாக விண்ணப்பித்துப் பெறலாம். பிறகு விருப்பமான வீட்டுக்கு விண்ணப்பிக்க, வீட்டுக்காரர் காணொளி அழைப்பில் பேசிப் பார்த்துத் தெரிவுசெய்வார். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் அவர் உங்களைப் பற்றி நாலு வரி எழுதுவார். அந்த நாலு வரிதான் அடுத்த வீட்டுக்கான திறப்பு. அதனால் முதல் வீடு கிடைப்பதே கடினம். தொடங்குபவர்கள் தாங்கள் வசிக்கும் ஊருக்கு அருகே, இரண்டு மூன்று நாளுக்கான சிறிய வேலைகளை எடுத்துப் பெயர் சேர்ப்பதே வழக்கம்.

தம்பதியரை வீட்டுக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் எளிது. ஒருவர் வெளியே போனாலும் மற்றவர் வீட்டில் இருப்பார். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் நாய்க்கு மருந்து கொடுக்க மற்றவர் இருப்பார். நடுத்தர வயதைத் தாண்டிய, அவசரமில்லாத தம்பதியருக்கு இது பொருந்தும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தாதியர், எழுதுவினைஞர்கள் எம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டை வீடாக வைத்திருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

நாயும் பூனையும்: அவர்கள் வழக்கம் வேறு

எமது வீடுகளில் நாய் வளவில் நிற்கும். சமைத்ததில் மிஞ்சியதைச் சாப்பிடும், இரவில் குரைக்கும். மேற்கு நாட்டு வீடுகளில் நாய் கட்டிலில் படுக்கும். நேரத்துக்கு அளந்த உணவு, காலையும் மாலையும் நடை, நடக்கும்போது அது போடும் மலத்தைப் பையில் அள்ளுவது என எல்லாம் உங்கள் பொறுப்பு. பல வீடுகளில் நாயை நாலைந்து மணித்தியாலத்துக்கு மேல் தனியே விடக்கூடாது என்று எழுதியே வைத்திருப்பார்கள். அப்படியானால் பகல் முழுவதும் ஊர் சுற்றிப் பார்க்கும் பயணம் அங்கே நடக்காது. வயதான பிராணியென்றால் மாத்திரை, ஊசி என்று வேலை கூடும். அது உங்கள் பொறுப்பில் இருக்கும்போது செத்துப்போனால் என்ன செய்வது, எந்த மருத்துவரிடம் போவது, பணம் யார் கட்டுவது என்பதையும் முன்பே கேட்டு வைக்கவேண்டும்.

பூனை வீடுகள் இலகுவானவை. உணவும் தண்ணீரும் வைத்து, மணல் தட்டைச் சுத்தம் செய்தால் போதும். நாயின் எச்சில் படுவதைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் தம்பதியரும் பூனை, கோழி, மீன்தொட்டி உள்ள வீடுகளை மட்டும் தெரிவுசெய்யலாம். விண்ணப்பிக்கும்போதே அதைச் சொல்லிவிடுவது மரியாதை. யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

எல்லையில் கேட்கப்படும் கேள்வி

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பணம் கைமாறவில்லை என்பதால் இது வேலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். குடிவரவுச் சட்டம் அப்படி நினைப்பதில்லை.

2022 இல் அவுஸ்திரேலியப் பெண் ஒருவர் கனடாவுக்குப் போகும் வழியில் லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் இறங்கினார். கனடாவில் பூனை பார்த்துக்கொண்டு தங்கப்போவதாகவும், முன்பு அமெரிக்காவிலும் அப்படித் தங்கியதாகவும் அதிகாரிகளிடம் சொன்னார். விசாரித்தார்கள், கைவிரல் அடையாளம் எடுத்தார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுற்றுலாப் பயணியாக வந்து, தங்குமிடத்துக்குப் பதிலாக உழைப்பைக் கொடுத்தது அவர்கள் கண்ணில் வேலை. தொழில் வழங்குநர்களுக்கான அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களத்தின் கையேடு, உணவும் தங்குமிடமும்கூட ஊதியமாகக் கணக்கிடப்படலாம் என்றே சொல்கிறது. பலமான கடவுச்சீட்டு வைத்திருந்த ஒருவருக்கே இது நடந்தது.

அவுஸ்திரேலியாவில் வேலை என்பதற்கான விளக்கம் இன்னும் அகலமானது. அந்த நாட்டில் வழமையாகக் காசு கொடுத்துச் செய்விக்கும் எந்தச் செயலும் வேலைதான். நீங்கள் காசு வாங்கினீர்களா என்பதைவிட, அந்தக் காரியத்துக்கு அங்கே வழமையாகக் காசு கொடுப்பார்களா என்பதே கேள்வி. நாய் பார்ப்பதற்கு அங்கே காசு கொடுக்கிறார்கள். 'வேலை செய்யக்கூடாது' என்ற 8101 ஆம் இலக்க நிபந்தனையுடன் வருகை விசா பெற்றவர்கள் இதை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

கனடாவின் சட்டம், ஊதியம் பெறும் செயலையும், கனேடியரின் தொழில் வாய்ப்போடு நேரடியாகப் போட்டியிடும் செயலையும் வேலை என்கிறது. ஆனால் அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் வழிகாட்டல் ஒரு முக்கியமான விலக்கைத் தருகிறது. உறவினரோ நண்பரோ வந்திருக்கும்போது ஊதியமின்றிச் செய்யும் உதவி வேலை ஆகாது. மகளின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாய், மருமகன் தன் வீட்டைக் கட்டும்போது கைகொடுக்கும் மாமன் ஆகியோரை அது உதாரணமாகக் காட்டுகிறது. பிரித்தானியாவிலும் வருகை விசாவில் வந்தவர் வேலை செய்ய முடியாது. ஆனால் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த உறவினர், உண்மையான குறுகிய வருகையின்போது அவர்களைக் கவனித்துக்கொள்வதை அங்குள்ள வழிகாட்டல் தனியாகவே பார்க்கிறது. பிள்ளை பார்ப்பதற்கென்றே ஆளை வரவழைப்பது வேறு விடயம்.

இதிலிருந்து எமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று. உறவினர் வீட்டில் தங்கி உதவுவது வேறு. அந்நியர் வீட்டில், தங்குமிடத்துக்கு ஈடாகப் பிராணி பார்ப்பது வேறு. முதலாவதற்கு இடமுண்டு. இரண்டாவது, அதிகாரி எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில் தங்கியிருக்கிறது. அதற்காக அதிகாரியிடம் பொய் சொல்வது இன்னும் மோசம். பொய் பிடிபட்டால் பல ஆண்டுகளுக்கு அந்த நாட்டின் கதவு மூடப்படலாம். மற்ற நாடுகளின் விசா விண்ணப்பங்களிலும் 'முன்பு எங்காவது மறுக்கப்பட்டீர்களா' என்ற கேள்வி காத்திருக்கும்.

யாருக்கு எந்த வழி?

எமது வாசகர்கள் ஒரே வகையான ஆவணத்துடன் இல்லை. ஆகவே பிரித்துப் பார்ப்போம்.

பிரித்தானிய, கனேடிய, பிரெஞ்சு, சுவிஸ் குடியுரிமை பெற்றவர்கள்: உங்கள் சொந்த நாட்டுக்குள் வீடு பார்க்கக் குடிவரவுத் தடை எதுவும் இல்லை. இலண்டனில் வாழும் தம்பதி ஸ்கொட்லாந்தில் ஒரு மாதம் தங்கலாம். ஸ்காபரோவில் வாழும் தம்பதி வன்கூவரில் தங்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் தங்கவும் வேலை செய்யவும் உரிமை உடையவர்கள். இந்தப் பயணமுறையை முழுமையாக அனுபவிக்கக்கூடியவர்கள் இவர்கள்தான்.

அகதி அந்தஸ்துடன், குடியுரிமை இன்னும் பெறாதவர்கள்: 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின்கீழ் வழங்கப்படும் பயண ஆவணம், நீங்கள் தப்பி வந்த நாட்டுக்குச் செல்வதற்கானதல்ல. மற்ற நாடுகளுக்கும் தனித்தனியே விசா நிபந்தனைகள் உண்டு. வாழும் நாட்டுக்குள்ளேயே தொடங்குவது உத்தமம். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராதவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் நாட்டை விட்டு வெளியேறுவதற்கு முன் தங்கள் சட்டத்தரணியிடம் கேட்கவேண்டும்.

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள்: பிரித்தானியா, செங்கன் நாடுகள், கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே விசா வேண்டும். 'ஒரு இணையத்தளத்தில் வீடு கிடைத்திருக்கிறது' என்ற காரணம் விசா விண்ணப்பத்துக்குப் பலம் சேர்க்காது. வேலை செய்யப்போகிறார் என்ற சந்தேகத்தையே கூட்டும். பிள்ளைகளின் அழைப்பில், பிள்ளைகள் வீட்டுக்கே போவதுதான் நேர்வழி. கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்ற பிள்ளைகள் பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்கும் 'சுப்பர் விசா' எடுக்கலாம். 2022 ஜூலையிலிருந்து அந்த விசாவில் ஒரே தடவையில் 5 வருடம்வரை தங்க முடிகிறது. பிள்ளையின் வருமான அளவும் மருத்துவக் காப்புறுதியும் அதன் நிபந்தனைகளில் முக்கியமானவை. மகள் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகும்போது அவர்கள் வீட்டையும் பூனையையும் பார்த்துக்கொள்வது பெற்றோரின் உதவி. அதை யாரும் வேலை என்று சொல்லப்போவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'கனடாவில் வீடு பார்க்கத் தம்பதியர் தேவை, மாதச் சம்பளம், விசா நாங்களே எடுத்துத் தருவோம், முற்பணம் மட்டும் கட்டுங்கள்' என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். வீடு பார்க்கும் இணையத்தளங்கள் விசா எடுத்துக் கொடுப்பதில்லை, சம்பளமும் கொடுப்பதில்லை. சம்பளம் உண்டென்றால் அது வெளிநாட்டு வேலைவாய்ப்பு. அப்படியானால் ஆளனுப்பும் முகவர், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கவேண்டும். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து முகவரின் பெயரைச் சொல்லிச் சரிபார்க்கலாம். காணியை அடகு வைத்து முற்பணம் கட்டுவதற்கு முன் அந்த ஒரு அழைப்பை எடுங்கள்.

புல்மோட்டைப் பக்கமிருந்து பார்த்தால்

இதுவரை பார்த்தது, நாம் பிறர் வீட்டைப் பார்க்கப் போவது. எமது வீட்டைப் பிறர் பார்ப்பது இதன் மறுபக்கம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய இழப்பு வருவது இந்தப் பக்கத்தில்தான்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 55 கிலோமீற்றர் தூரத்தில், முல்லைத்தீவு மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது புல்மோட்டை. இல்மனைற் மணலுக்காக நாடறிந்த ஊர். 2009 மார்ச்சில் வன்னியிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட காயக்காரருக்கு இந்திய மருத்துவக் குழு சிகிச்சை அளித்த இடம் என்பதாலும் பலருக்கு நினைவிருக்கும். இதன் அருகே இருக்கும் தென்னமரவாடி மக்கள் 1984 டிசம்பரில் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். எல்லைக்கு அப்பால் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களும் அதே காலத்தில் வெளியேறினார்கள். வீடு பார்க்க ஒருவரும் மிஞ்சாத ஊர்கள் அவை. போர் முடிந்து, கால் நூற்றாண்டுக்குப் பின் திரும்பியவர்கள் கண்டது காடும், எல்லை தெரியாத வளவும், காணிப் பிணக்குகளும்.

அதனால்தான் வடக்கு கிழக்கில் வீடு பார்ப்பவரின் பெறுமதி எமக்குத் தெரியும். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் பெயர்ந்தபோது, வீட்டுக்குக் காவலாகப் பின்தங்கிய முதியவர்கள் இருந்தார்கள். கூரைத் தகடும் கதவு நிலையும் களவு போகாமல், படையினரோ வேறு யாருமோ புகுந்துகொள்ளாமல் எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றித் தந்தவர்கள் அங்கே குடியிருந்த உறவினரும் இடம்பெயர்ந்த குடும்பங்களும்தான். அவர்களில் பலருக்குச் சொந்தக் காணி கிடையாது. பதினைந்து வருடம் ஒரு வீட்டைப் பார்த்தவரிடம், ஒரு ஆவணி விடுமுறையில் வந்து 'அடுத்த மாதம் விடுங்கோ' என்று சொல்வது நியாயமில்லை. அதேபோல, நம்பி விட்ட வீட்டுக்கு இரகசியமாக உறுதி முடிப்பதும் நியாயமில்லை. இரண்டும் நடக்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்று: தொடக்கத்தில் எவரும் எதையும் எழுதவில்லை.

பத்து வருடம், முப்பது வருடம்

சட்டம் என்ன சொல்கிறது? 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவின்படி, ஒருவர் தனியார் காணியொன்றை உரிமையாளரின் உரித்துக்கு எதிராக, தடையின்றித் தொடர்ந்து 10 வருடம் ஆண்டால் அதற்கு உரிமை கோரலாம். இங்கே முக்கியமான சொல் 'எதிராக'. உரிமையாளரின் அனுமதியுடன் குடியிருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் அது எதிரான ஆட்சி ஆகாது. அனுமதியுடன் வந்தவர், தான் இனி உரிமையாளனாகவே இருக்கிறேன் என்று வெளிப்படையான ஒரு செயலால் காட்டினால்தான் காலம் ஓடத் தொடங்கும். சகோதரர்களுக்கும் இது பொருந்தும். பொதுக் காணியில் ஒரு பங்காளி மட்டும் குடியிருப்பதால் மற்றப் பங்காளியின் உரிமை போய்விடாது என்பதை 1911 இலேயே பிரிவி கவுன்சில் கொரெயா எதிர் அப்புஹாமி வழக்கில் தீர்மானித்துவிட்டது.

அப்படியென்றால் பயமில்லைத்தானே என்று கேட்கலாம். பிரச்சினை, அனுமதியை நிரூபிப்பதில் வருகிறது. 1992 இல் வாய்ப்பேச்சில் கொடுத்த அனுமதிக்குச் சாட்சி யார்? கொடுத்த தகப்பன் இல்லை, வாங்கிய மாமா இல்லை. வீட்டில் இருப்பது மாமாவின் மகன். மின்சாரப் பட்டியல் அவர் பெயரில், சோலைவரிப் பற்றுச்சீட்டு அவர் பெயரில். உங்களிடம் இருப்பது ஒரு பழைய உறுதியும் ஞாபகமும்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு அதே கட்டளைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு ஒரு பாதுகாப்புத் தருகிறது. வழக்குத் தொடரும் உரிமை உருவான நேரத்தில் உரிமையாளர் கடல் கடந்து இருந்தால், அந்த நிலை நீங்கும்வரை 10 வருடக் கணக்கு தொடங்காது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 30 வருடம் தடையற்ற எதிரான ஆட்சி இருந்தால் இந்தப் பாதுகாப்பும் முடிந்துவிடும்.

போரினால் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. போராட்டச் சூழலால் தங்கள் உரிமையை நீதிமன்றில் நிலைநாட்ட முடியாமல் இருந்தவர்களுக்கு, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே அதன் நோக்கம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2009 மே 18 இலிருந்து 10 வருடம் 2019 மே மாதத்தோடு கடந்துவிட்டது. 'போர்க் காலம் சேராது' என்று நம்பி இன்னமும் ஒன்றும் செய்யாமல் இருப்பவர்கள், தங்கள் உறுதியுடன் ஒரு சட்டத்தரணியை இந்த வருடமே சந்திக்கவேண்டும். எந்தப் பிரிவு யாருக்குப் பொருந்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

அரச காணி வேறு. அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை ஏற்படாது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் பெற்ற காணியென்றால், அதன் நிபந்தனைகளை மீறினால் பத்திரமே இரத்தாகலாம். நீங்கள் இல்லாமல் வேறொருவர் அதில் நீண்டகாலம் இருப்பது உங்களுக்கும் அவருக்கும் ஆபத்து. பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் உங்கள் கோவை எந்த நிலையில் இருக்கிறது என்பதை நேரில் கேட்டு அறியுங்கள்.

ஒரு தாளில் எழுத வேண்டியவை

மேற்கு நாட்டு வீட்டுக்காரர் மூன்று வாரத்துக்கே இரண்டு பக்கம் எழுதி வைக்கிறார்: சாப்பாட்டு நேரம், மருத்துவரின் இலக்கம், எந்த அறைக்குப் போகக்கூடாது, எப்போது திரும்பி வருகிறார். நாம் இருபது வருடத்துக்கு வீட்டை விடுகிறோம், ஒரு வரியும் எழுதுவதில்லை. 'சொந்தத்துக்குள்ள என்ன எழுத்து' என்கிறோம். சொந்தம் நிலைக்கவேண்டும் என்றால்தான் எழுத்து வேண்டும்.

முதலில், வீடு யாருடையது, உறுதி இலக்கம் என்ன, தங்குபவர் உரிமையாளரின் அனுமதியில், வாடகையின்றி, பார்த்துக்கொள்வதற்காகத் தங்குகிறார் என்று எழுதுங்கள். தொடங்கும் திகதியையும் முடியும் திகதியையும் இடுங்கள். வருடாவருடம் புதுப்பியுங்கள். இரு தரப்பும், இரண்டு சாட்சிகளும் கையொப்பமிடவேண்டும். சட்டத்தரணி ஊடாகச் செய்தால் இன்னும் நல்லது. மாதாமாதம் காசு வாங்கினால் அது வாடகைக் குடியிருப்பாகிவிடும். அதற்கு 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் வேறு விதிகளும் வரலாம். எனவே எது என்று தெளிவாக முடிவெடுங்கள்.

இரண்டாவது, மின்சாரம், தண்ணீர், சோலைவரி ஆகியவை உரிமையாளர் பெயரிலேயே தொடரட்டும். யார் கட்டினாலும் பற்றுச்சீட்டின் படத்தை இருவரும் வைத்திருங்கள்.

மூன்றாவது, வெளிநாட்டில் இருப்பவர் இங்கே ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதென்றால், அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பலாம். விற்கும் அதிகாரத்தையும் பராமரிக்கும் அதிகாரத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வீடு பார்ப்பவருக்குப் பராமரிக்கும் அதிகாரம் போதும்.

நான்காவது, தங்குபவரின் உரிமையையும் எழுதுங்கள். திருத்த வேலைக்கு அவர் போட்ட காசை யார் கொடுப்பது, வீட்டை விடச் சொல்வதானால் எத்தனை மாதம் முன்பு சொல்லவேண்டும், தேங்காயும் மாங்காயும் யாருக்கு, வளர்த்த மாடும் கோழியும் யாருடையவை. இவை சிறிய விடயங்களாகத் தெரியும். சண்டை பெரும்பாலும் இவற்றில்தான் தொடங்குகிறது.

ஐந்தாவது, வருடத்துக்கு ஒருமுறையாவது வந்து தங்குங்கள். சோழகக் காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஐரோப்பியப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. வரும்போது கிராம உத்தியோகத்தரைச் சந்தியுங்கள், வேலி எல்லையைப் படம் எடுங்கள், அயலவரோடு கதையுங்கள். உரிமையாளர் வந்து போகிறார் என்பதை ஊர் பார்ப்பதும் ஒரு சாட்சிதான்.

இந்த ஐந்தும் வீடு பார்ப்பவரைச் சந்தேகிப்பதற்கான ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் எடின்பரோவில் ஒரு பூனையைப் பார்க்கப் போனாலும், உங்கள் கையில் இருக்கும் கடிதம்தான் உங்களைக் காப்பாற்றும். உங்கள் வீட்டில் இருப்பவருக்கும் அதே கடிதத்தைக் கொடுங்கள். இன்று தொலைபேசியில் பேசும்போது, அவர் எந்த ஆண்டு, எந்தப் பேச்சில் வந்து இருந்தார் என்பதை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதை நினைவு வைத்திருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.